தொண்ணூறு வயதில் கூடிய எடை

பாஸ்டன் நகரத்தின் ஹீப்ரூ முதியோர் மறுவாழ்வு மையத்தில் தங்கியிருந்த பத்துப் பேர், 1980களின் கடைசியில் எடை தூக்கச் சம்மதித்தார்கள். பத்துப் பேரில் இளையவருக்கு 86 வயது, மூத்தவருக்கு 96. எட்டுப் பேர் அதற்கு முன்பே கால் தடுமாறிக் கீழே விழுந்தவர்கள். ஏழு பேருக்கு நடக்கும்போது கைத்தடியோ வாக்கரோ வேண்டும். மூட்டுத் தேய்மானம், இதய நோய், ரத்த அழுத்தம், பழைய எலும்பு முறிவு என்று ஆளுக்கு நான்கைந்து உபாதைகள். நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் அவர் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பைக்கூட வாங்கி வைத்துவிடுவோம்.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மரியா ஃபியாடரோனும் அவருடைய குழுவினரும் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு கருவியில் உட்கார வைத்து, மடங்கிய முழங்காலை நீட்டும்போது அதிகபட்சம் எத்தனை கிலோவை ஒரே ஒரு முறை தூக்க முடிகிறது என்று முதலில் அளந்தார்கள். முதல் வாரம் அதில் பாதி எடை. அதற்குப் பிறகு 80 சதவீதம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டுத் தடவை, ஒவ்வொரு தடவையும் நிதானமாக ஏற்றி நிதானமாக இறக்க வேண்டும். வலிமை கூடக்கூட மறுபடி அளந்து, எடையையும் கூட்டினார்கள். முதியோர் இல்லங்களில் உடற்பயிற்சி என்றால் நாற்காலியில் அமர்ந்தபடி கையைக் காலை வீசுவது, பந்தை ஒருவருக்கொருவர் உருட்டுவது என்றிருந்த காலம் அது. 80 சதவீத எடை என்பது இளம் விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் சுமை.

எட்டு வாரம் முடிந்தது. ஒருவர் மட்டும் நடுவில் விலகியிருந்தார். மற்றவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடக்கத்தில் ஒரு காலால் சுமார் 8 கிலோ தூக்கியவர்கள் இப்போது 20 கிலோவைத் தூக்கினார்கள். ஓரடியின் விரலுக்கு முன் அடுத்த அடியின் குதிகால் படும்படி கோட்டின்மேல் நடக்கும் சோதனையில் வேகம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழவே முடியாமல் இருந்த மூவரில் ஒருவர் தானாக எழுந்தார். 1990இல் இந்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. முதுமையைப் பற்றிய மருத்துவத்தின் எண்ணத்தையே திருப்பிப் போட்ட ஆய்வுகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு அது முழுத் தகுதி உடையது.

அந்த ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தொடைத் தசையின் பருமன் கூடியது 9 சதவீதம்தான். சதை 9 சதவீதம் வளர வலிமை மட்டும் எப்படி 174 சதவீதம் ஏறும்?

தேர்த் திருவிழாவை நினைத்துக்கொண்டால் விடை எளிதில் விளங்கும். வடத்தைப் பிடித்திருப்பவர்கள் ஐந்நூறு பேர் இருக்கலாம். ஆனால் பாதிப் பேர் வடத்தின்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மீதிப் பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பார்கள். தேர் அசையாது. ஒரே மூச்சில் எல்லோரும் சேர்ந்து இழுக்கும்போதுதான் சக்கரம் உருளும். தசையிலும் இதுதான் நடக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பணுவும் தன் பொறுப்பில் ஒரு கூட்டம் தசையிழைகளை வைத்திருக்கிறது. வேலை இலேசாக இருந்தால் சிறிய கூட்டங்களை மட்டுமே உடல் அழைக்கும். சுமை கூடினால்தான் பெரிய, வேகமான இழைகளைக் கொண்ட கூட்டங்கள் களத்தில் இறங்கும். இந்த ஒழுங்கை எல்வுட் ஹென்னமன் என்ற நரம்பியலாளர் 1960களில் விளக்கினார். பல ஆண்டுகளாகக் கனமான எதையும் தூக்காத ஒருவரின் காலில் பெரிய கூட்டங்களுக்கு அழைப்பே போயிருக்காது. பாஸ்டன் முதியவர்களின் முதல் சில வாரத்து முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்த அழைப்புதான். புதிய சதை பின்னால் மெதுவாக வரும்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக எடையைத் தொடுகிறவர்களுக்கு இந்தச் செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் பயிற்சி செய்தும் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று சோர்ந்து நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். மாற்றத்தைத் தேட வேண்டிய இடம் மாடிப்படி. முன்பு இரண்டு முறை நின்று ஏறிய படியை ஒரே மூச்சில் ஏறினால் நரம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

முதுமையில் தசை தேய்வதற்கு நெடுங்காலம் மருத்துவத்தில் தனிப் பெயரே கிடையாது. நரையைப்போல அதுவும் இயல்பு என்று விட்டுவிட்டார்கள். 1988இல் நடந்த ஒரு கூட்டத்தில், பெயரில்லாத ஒன்றை யாரும் ஆராயமாட்டார்கள் என்று கருதிய இர்வின் ரோசன்பர்க், கிரேக்கச் சொற்களை இணைத்து சார்கோபீனியா என்று அதற்குப் பெயர் சூட்டினார். தமிழில் சதை வறுமை என்று சொல்லலாம். 2016இல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்கென்று தனி எண்ணும் கிடைத்தது. முப்பதைத் தாண்டியதும் மெல்லத் தொடங்கும் இந்தத் தேய்வு அறுபதுக்குப் பின் வேகம் பிடிக்கிறது. நரம்பணுக்கள் சில மடிய, அவற்றின் பொறுப்பிலிருந்த இழைகள் அநாதையாகின்றன. முதலில் மெலிவது வேகமான இழைகள். கால் இடறும் அரை நொடியில் அடுத்த காலை முன்னால் வைத்து உடலைத் தாங்கிக்கொள்வது அந்த இழைகள்தான். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும் பெரியவர்களின் கதை பல சமயம் ஈரத் தரையில் தொடங்குவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளாக வேலை கொடுக்கப்படாத தொடையில் தொடங்குகிறது.

அந்த வேலையைப் பறித்தது பெரும்பாலும் அன்புதான் என்பதை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. “நீங்க எதுக்கும்மா குடத்தைத் தூக்குறீங்க, உட்காருங்க” என்று மகன் சொல்வான். “அப்பா, பையை இப்படிக் குடுங்க” என்று மகள் வாங்கிக்கொள்வாள். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டவருக்கு மேசை வருகிறது, குந்தி உட்கார்ந்தவருக்கு மேற்கத்தியக் கழிப்பறை வருகிறது. முழங்கால் வலிக்காரருக்கு அவை தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாளில் இருபது முப்பது முறை தரையிலிருந்து எழுந்த பயிற்சி, வேறெதுவும் அதன் இடத்துக்கு வராமலே போய்விட்டது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ அராவுஜோ 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைக் கை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார். 2012இல் வெளியான அந்த ஆய்வில், மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் அடுத்த ஆறேழு ஆண்டுகளில் இறப்பது, நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. எழ முடியாததே இறப்புக்குக் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. உடலின் பல குறைகள் அந்த ஓர் அசைவில் வெளிப்பட்டுவிடுகின்றன.

வலிமையை இளமையோடு முடிச்சுப் போடும் வழக்கம் நம் மொழியிலேயே இருக்கிறது. தென் மாவட்டத்துக் கிராமங்களில் கிடக்கும் உருண்டைக் கல்லுக்கு இளவட்டக்கல் என்றே பெயர். அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் போடும் இளைஞனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பார்கள். வள்ளியூர் அருகே வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் போட்டி நடக்கிறது. ஒன்றைவிட ஒன்று கனமான கற்கள் வரிசையாகக் காத்திருக்கும். கற்களை அப்படி ஏறுவரிசையில் வைத்ததில் ஒரு நல்ல அறிவியல் இருக்கிறது. மைலோ என்ற கிரேக்க மல்லன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் சுமந்து, அது காளையாக வளர்ந்த பிறகும் சுமந்தான் என்ற பழங்கதை சொல்வதும் அதே அறிவியலைத்தான்.

அதை மருத்துவமாக மாற்றியவர் தாமஸ் டிலோர்ம். பதின்ம வயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். இனிக் கடும் உழைப்பு கூடாது என்று சொல்லப்பட்ட அந்தப் பையன் இரும்பு எடைகளைத் தூக்கியே தேறினான், பிறகு மருத்துவருமானான். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில், முழங்கால் சிதைந்த வீரர்கள் மாதக்கணக்கில் தேறாமல் கிடந்தார்கள். அன்றைய சிகிச்சை இலேசான எடையைப் பலமுறை அசைப்பது. டிலோர்ம் கனமான எடையைக் கொடுத்து, வாரந்தோறும் கூட்டினார். தேறும் காலம் சுருங்கியது. 1945இல் முடிவுகளை வெளியிட்டபோது கனமான எடைப் பயிற்சி என்று அழைத்தவர், பிறகு படிப்படியாகக் கூடும் எடைப் பயிற்சி என்று பெயரை மாற்றிக்கொண்டார். முறையின் உயிர் அந்தப் ‘படிப்படி’யில் இருக்கிறது. இன்றைக்குப் பிசியோதெரபி அறைகளிலும் ஜிம்களிலும் வழங்கும் மூன்று சுற்று, பத்துத் தடவை என்ற கணக்கு பெருமளவு அவரிடமிருந்து வந்தது.

“நான் தினமும் வாக்கிங் போகிறேனே, போதாதா?” இந்தக் கேள்வியை நம் ஊரில் எந்தப் பூங்காவிலும் கேட்கலாம். நடை இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் மனத்துக்கும் மிக நல்லது. அதை விடவே கூடாது. ஆனால் நடக்கும்போது கால் சுமப்பது நேற்று சுமந்த அதே உடம்பை. பெரிய கூட்டங்களுக்கு அழைப்புப் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனால்தான் நடைபோன்ற பயிற்சியோடு நிறுத்தாமல், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று தனியாகக் கேட்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். யோகாவுக்கு இதில் நல்ல இடம் உண்டு. கோவையில் 99 வயது வரை வாழ்ந்து, கடைசிக் காலம் வரை ஆசனம் கற்பித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்ற நானம்மாளின் உடல் அதற்குச் சாட்சி. சிறுவயதில் தொடங்கி விடாமல் செய்தவர் அவர். எழுபதில் புதிதாகத் தொடங்குகிறவர் ஆசனத்தோடு எடையையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

எலும்பு தேய்ந்தவர்கள் எடை தூக்கலாமா என்ற அச்சத்துக்கு ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் பதில் தேடியது. மாதவிடாய் நின்ற, எலும்படர்த்தி குறைந்த 101 பெண்களை பெலிண்டா பெக்கின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்க, உச்ச வலிமையில் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட எடை. மற்றக் குழுவுக்கு வீட்டில் செய்யும் இலேசான பயிற்சி. எட்டு மாதத்தில் முதல் குழுவின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. இரண்டாம் குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பயிற்சியாளர் அருகிலேயே நின்றார் என்பதையும் எடையை மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள் என்பதையும் மறந்துவிட்டு இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு யாரும் ஜிம்முக்கு ஓடக் கூடாது. நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை அடக்கவும் கூடாது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஃபியாடரோன் குழு 1994இல் தன் ஆய்வை 72 முதல் 98 வயது வரையிலான 100 பேருக்கு விரித்தது. சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி பெற்றவர்களின் வலிமை 113 சதவீதம் ஏறியது, படியேறும் திறன் 28 சதவீதம் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானத்தை மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் ஏதுமில்லை. பெரியவர்களுக்கு டப்பா டப்பாவாகப் புரத மாவு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும். பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் கட்டாயம் வேண்டும். கட்டடத்துக்குச் செங்கல் போல அவை. கொத்தனார் வராத மனையில் செங்கல் அடுக்கியபடியே கிடக்கும்.

இனி மனம். பாஸ்டன் ஆய்வில் ஒரு கசப்பான எண்ணும் இருக்கிறது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்த முதியவர்கள் தங்கள் வலிமையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். சேமிப்பு வங்கிக் கணக்கைப்போல் இது தூங்கிக்கொண்டிருக்காது. ஆகவே கேள்வி எட்டு வாரம் தாங்குவது எப்படி என்பதிலிருந்து முப்பது ஆண்டு விடாமலிருப்பது எப்படி என்பதற்கு மாறுகிறது.

மன உறுதி உள்ளவர்களால்தான் அது முடியும் என்று பலரும் நம்புகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி, 96 பேரைப் புதிதாக ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார். தினமும் ஒரே சூழலில், காலை உணவுக்குப் பின் என்பதுபோல ஏற்கெனவே உள்ள ஒரு செயலை ஒட்டி, புதியதைச் செய்ய வேண்டும். அது தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடு அளவு 66 நாள். சிலருக்கு 18 நாளே ஆனது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. பலரும் சொல்லும் 21 நாள் கணக்கை நம்பி ஏமாந்தவர்களுக்கு இது ஆறுதல். அதைவிடப் பெரிய ஆறுதல் ஒன்றும் அந்த ஆய்வில் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுவிடவில்லை. ஜனவரி முதல் தேதி ஜிம்மில் சேர்ந்து, பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் விட்டு, ‘எல்லாம் போச்சு’ என்று அதோடு நின்றுவிடுகிறவர்களைத் தோற்கடிப்பது அந்த நான்கு நாள் இல்லை. ‘எல்லாம் போச்சு’ என்ற அந்த நினைப்புதான்.

உடலும் இதில் மனிதரின் பக்கமே நிற்கிறது. ஆஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சனின் ஆய்வகம் எலிகளின் தசையில் கண்டது 2010இல் வெளியானது. சுமையால் வளரும் தசையிழை புதிய உட்கருக்களைச் சேர்த்துக்கொள்கிறது. வேலை நின்று இழை மெலிந்தாலும், அவர்கள் கவனித்த காலம் வரை அந்த உட்கருக்கள் போய்விடவில்லை. மனிதரில் இது எந்த அளவுக்கு உண்மை என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் டென்மார்க்கில் ஓய்வுபெறும் வயதைத் தொட்ட 451 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு கனமான எடைப் பயிற்சி செய்தவர்களின் கால் வலிமை, ஆய்வு தொடங்கி நான்கு ஆண்டு கழிந்த பின்னும் தொடக்க நிலைக்குக் கீழே இறங்கவில்லை. மற்றவர்களுக்கு இறங்கியிருந்தது.

தன் முதுமையைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதும் கணக்கில் வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி, ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 50 வயதைக் கடந்த 660 பேர் சொன்னவற்றையும் அவர்களின் ஆயுளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். “இந்த வயசுல எதுக்கு?” என்று நாம் பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் பேச்சில்லை என்று இதைப் படித்த பிறகு தோன்றுகிறது.

பிரான்சின் ராபர்ட் மார்ஷாங் 1911இல் பிறந்தவர். உயரம் ஐந்தடியே. இளமையில் சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் இருந்தும் வாழ்க்கை அவரைத் தீயணைப்புப் படைக்கும் வெனிசுலாவுக்கும் கனடாவுக்கும் கொண்டு போனது. அறுபதுகளின் இறுதியில்தான் சைக்கிளுக்குத் திரும்பினார். நூறு வயதில், 2012இல், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். உடலியல் அறிஞர் வெரோனிக் பில்லா அவருக்கு ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தார்: ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர், அதில் ஐந்தில் நான்கு பங்கு நிதானமாக, ஒரு பங்கு கடுமையாக. இரண்டே ஆண்டில் அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 13 சதவீதம் உயர்ந்தது. 2014இல் 102 வயதில் அதே ஒரு மணி நேரத்தில் ஓட்டியது 26.927 கிலோமீட்டர், அதாவது நூறு வயதில் ஓட்டியதைவிட இரண்டரை கிலோமீட்டருக்கும் கூடுதல். 105 வயதில் இன்னொரு முறை ஓட்டினார். 109 வயதில், 2021இல் காலமானார்.

எல்லோரும் மார்ஷாங் ஆக வேண்டியதில்லை. இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் கைப்பிடியில்லாத ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவரையும், நீங்கள் அருகில் நின்றுகொண்டு, செய்யச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் தேதி போட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அதையே மூன்று சுற்று செய்யுங்கள். எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.